என் விரலில் எடுத்த தொண்ணூற்றொன்று

ஆனேக்கல் ரோட்டில் இருக்கும் எங்கள் அப்பார்ட்மென்டில் யாரும் சும்மா நடக்கமாட்டார்கள். எத்தனை அடி நடந்தோம் என்று கையில் கட்டிய வாட்சைக் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவார்கள். ராத்திரி தூங்கினோமா இல்லையா என்பதுகூட அவர்களுக்கே தெரியாது. காலையில் எழுந்து வாட்சைப் பார்த்து, நம்பர் நன்றாக இருந்தால் "நல்லா தூங்கினேன்" என்பார்கள். நம்பர் குறைந்தால் அன்று முழுக்கக் கொட்டாவி. தூ! இதற்காகவா இத்தனை படிப்பு படித்தார்கள் என்று தோன்றும்.

மாசத்துக்கு ஒரு போட்டி. அதை நடத்துகிறவர் அசோசியேஷன் செகரட்டரி. அறுபது வயது, இறுக்கமான பனியன், எல்லோரையும் 'சாம்பியன்' என்று கூப்பிடும் வாய். என் வீட்டுக்காரர் ஒரு மெஷின் பார்ட்ஸ் கம்பெனியில் ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொள்கிறவர், உட்கார்ந்தே வேலை செய்து உடம்பு கனத்தவர். அடிக் கணக்கில் எப்போதும் அவர்தான் கடைசி. ஒரு நாள் ஸ்கூல் விட்டு வந்து கதவைத் திறக்கிறேன், சோபாவில் சாய்ந்தபடி வாட்ச் கட்டிய கையை மட்டும் ஆட்டிக்கொண்டிருக்கிறார், சாமிக்குச் சாமரம் வீசுகிற மாதிரி.

"என்னாங்க இது?"

"சும்மாதான், கை வலிக்குது. எக்ஸர்சைஸ்."

இதை என்னிடம் சொல்லலாமா? விவேக் நகரில் ஒரு ஸ்கூலில் இருபத்தாறு வருஷமாகக் கணக்கு டீச்சர் நான். காப்பி அடிக்கப் போகிற பிள்ளையின் கழுத்து எந்தப் பக்கம் திரும்பும் என்று அது திரும்புவதற்கு முன்பே தெரியும். ஒரு முறை அண்ணனுக்குப் பதிலாகத் தம்பி பரீட்சை எழுத வந்துவிட்டான். ஹால் டிக்கெட்டைப் பார்த்தேன், முகத்தைப் பார்த்தேன், எழுப்பி வெளியே அனுப்பினேன். அவன் அம்மா வந்து அழுதார். "இவன் எழுதி அவன் பாஸானா அவனுக்கு என்னம்மா பிரயோஜனம்?" என்று கேட்டேன். அந்த வாக்கியத்தை அப்புறம் ஸ்டாஃப் ரூமில் நானே பல தடவை சொல்லிக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டிருக்கிறேன்.

போன வருஷம் செகரட்டரிக்கு இமயமலை பிடித்துவிட்டது. ஆறு நாள், கைடு வைத்து, பன்னிரண்டாயிரம் அடிக்கு மேல் ஒரு மலைமுகட்டு ஓரமாகவே நடந்து போய்க் கடைசியில் ஒரு சிகரம். செகரட்டரியோடு சேர்த்துப் பதினோரு பேர் பெயர் கொடுத்தார்கள். பன்னிரண்டாவதாக என் வீட்டுக்காரரும் கொடுத்தார். அவர் போகிறாரே என்று நானும் கொடுத்தேன், வேறு யார் பார்ப்பார்கள்? இரண்டு மாசம் தினமும் காலையில் அத்தனை பேரும் முதுகில் பையை மாட்டிக்கொண்டு அப்பார்ட்மென்டின் ஒன்பது மாடிப் படியும் ஏறி இறங்கினார்கள். பைக்குள் கனத்துக்கு அரிசி மூட்டை. இறங்குவது மட்டும் லிஃப்டில் என்று ஒரு கூட்டம் தனியாக இருந்தது. அதில் என் வீட்டுக்காரரும் உண்டு என்று சொல்லத் தேவையில்லை.

டேராடூனுக்குப் போய், அங்கிருந்து ஒரு பகல் முழுக்க ஜீப்பில் குலுங்கி, மலையடிவாரக் கிராமத்தில் இறங்கினோம். எங்கள் கைடு அந்த ஊர்க்காரர், நாற்பது நாற்பத்தைந்து வயதிருக்கும், ஒல்லி, பேச்சு குறைவு, கூட ஓர் உதவி ஆள். முதல் நாளே ஆளுக்கு ஒரு அட்டை, அவரவர் போட்டோ ஒட்டிக் கொடுத்தார். தினமும் சாயங்காலம் விரலில் கிளிப் மாட்டி, ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று பார்த்து அதில் எழுதுவாராம். எண்பதுக்குக் கீழே போனால் மேலே விடமாட்டார். தலைவலி, வாந்தி இருந்தால் மறைக்கக் கூடாது. இதை இந்தியில் மெதுவாக, இரண்டு தடவை சொன்னார்.

எங்கள் ஆட்களுக்கு இது போதாதா? அட்டையைப் பார்த்ததுமே மார்க் ஷீட் வந்துவிட்ட மாதிரி முகமெல்லாம் வெளிச்சம். மறுநாளிலிருந்து மலையை யார் பார்த்தார்கள்! செகரட்டரி கொரோனா சமயத்தில் வாங்கிய கிளிப் ஒன்றைக் கையோடு கொண்டுவந்திருந்தார். கைடு வருவதற்கு அரை மணி முன்பே டென்ட்டுக்குள் மாடல் பரீட்சை நடக்கும். ஒருவர் டீ டம்ளரில் விரலைச் சூடு பண்ணுவார், ஒருவர் மூச்சை இழுத்து இழுத்து விடுவார், ஒரு அம்மாள் பத்து விரலையும் மாற்றி மாற்றி மாட்டிப் பார்த்து எந்த விரல் நல்ல விரல் என்று குறித்து வைத்துக்கொண்டார். வெளியே பனிமலை மேல் சாயங்கால வெயில் விழுந்து கிடந்தது. உள்ளே இவர்கள் "எனக்கு எண்பத்தொம்பது, உனக்கு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு மூலையில் உட்கார்ந்து எல்லோரையும் மனசுக்குள் ஃபெயிலாக்கிக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள் முகட்டின் மேல் ஏறிவிட்டோம். இரண்டு பக்கமும் சரிவு, நடுவில் ஒற்றையடிப் பாதை, நிற்காத காற்று. அங்கேயே ஒரு சிறிய சமதரையில் கேம்ப். சாயங்காலம் என் வீட்டுக்காரரைக் காணவில்லையே என்று தேடிப் போனால், டென்ட்டுக்குப் பின்னால் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருக்கிறார். என்னைப் பார்த்ததும் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"யாருகிட்டயும் சொல்லாத. காலைல இருந்து தலைவலி, அவ்ளோதான்."

"கைடுகிட்ட சொல்லணும். வாங்க."

"நாளைக்கு ஒரு நாள்தாம்மா. இவங்க முன்னாடி நான் இறங்கமாட்டேன்."

உள்ளே மாடல் பரீட்சையில் அவருக்கு எழுபத்துநான்கு வந்தது. விரலைச் சூடு பண்ணினார், எழுபத்தாறு. செகரட்டரி எட்டிப் பார்த்தார். அப்புறம் ஒரு சிரிப்பு சிரித்தார் பாருங்கள், வீட்டு வேலைக்காரம்மாவுக்குப் பழைய சட்டை கொடுக்கும்போது சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு.

"ஃபீல் பண்ணாதீங்க சாம்பியன். காலைல கைடோட ஆளு கூட அப்படியே இறங்கிடுங்க. எல்லாருக்கும் ஒத்துக்கும்னு இருக்கா? நாங்க போட்டோ காட்டறோம்."

பத்து பேரும் "அய்யோ பாவம்" என்றார்கள். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். சோபாவில் கை ஆட்டிய ஆள்தான், லிஃப்டில் இறங்கிய ஆள்தான், அவரைத் திட்ட எனக்கு உரிமை உண்டு. இவனுக்கு என்ன உரிமை? எனக்கு அப்படியே கொதித்துவிட்டது.

கைடு வந்தார். சாப்பாட்டு டென்ட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம், எல்லோர் மடியிலும் கம்பளி. நெற்றியில் கட்டிய ஒரே விளக்கு வெளிச்சத்தில் அவர் கிளிப்பை நீட்டுவார், கம்பளிக்குள்ளிருந்து ஒரு கை வரும், நம்பரைப் பார்த்து எழுதிவிட்டு அடுத்தது. என் வலது கையை நீட்டினேன். தொண்ணூறு. அடுத்து என் வீட்டுக்காரர். அவருடைய ஆரஞ்சு கலர் பாதிக் கையுறையைக் கம்பளிக்குள்ளேயே கழற்றி என் இடது கையில் மாட்டியிருந்தேன். அவர் அட்டையை நீட்டினார், நான் விரலை நீட்டினேன். தொண்ணூற்றொன்று. கைடு எழுதினார். "வாந்தி?" என்று கேட்டார். "இல்லே ஜி," என்றேன் நான், அவருக்கும் சேர்த்து.

செகரட்டரி முகத்தைப் பார்க்க வேண்டுமே! அன்றைக்கு எனக்குக் கிடைத்த சந்தோஷத்தை நான் மறைக்கப் போவதில்லை. சூப்பை இரண்டு கப் குடித்தேன்.

மறுநாள் விடிந்து ஒரு மணி நேரம் நடந்திருப்போம். என் வீட்டுக்காரர் பாதையில் உட்கார்ந்து ஷூ லேஸைக் கட்ட ஆரம்பித்தார். கட்டினார், அவிழ்த்தார், கட்டினார். அவிழ்ந்திருந்தது மற்ற கால் லேஸ். நான் கிட்டே போய்க் குனிந்தேன். என்னை அண்ணாந்து பார்த்து, "பால் பாக்கெட் வந்துச்சா?" என்று கேட்டார்.

மாதாவே! விளையாடுகிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். உதடு நீலமாக இருந்தது. நான் கத்தின கத்தலில் முன்னால் போன கைடு திரும்பி ஓடி வந்தார். எழுந்து நிற்கச் சொன்னார், நேராக நடக்கச் சொன்னார். நான்கு அடி வைப்பதற்குள் சரிவுப் பக்கம் சாய்ந்தார். கைடு பிடித்துக்கொண்டார். கிளிப் மாட்டினார், அறுபத்திரண்டு. அட்டையை எடுத்துப் பார்த்தார், நேற்று தொண்ணூற்றொன்று. திரும்பக் கிளிப்பைப் பார்த்தார்.

"ஒரே ராத்திரியில் இவ்வளவு விழுந்ததா? அப்படியானால் வேறு ஏதோ இருக்கிறது, இதயமாக இருக்கலாம். நடக்க வைக்கக் கூடாது, இங்கேயே படுக்க வைத்து ஸ்ட்ரெச்சர் வரச் சொல்ல வேண்டும். வர மத்தியானமாகும்," என்றார். "இல்லை, நேற்றே குறைந்திருந்தால் இது மலை நோய். இப்போதே கீழே இறக்க வேண்டும், ஒரு நிமிஷம் உட்காரக் கூடாது. எது?"

செகரட்டரி, "மெஷின் ஃபால்ட் ஜி, சைனா சரக்கு," என்றார். அந்த ஆள் எனக்கு உதவி செய்வதாக நினைத்திருக்க வேண்டும். அவருக்கு எழுபத்தாறு தெரியும், இருந்தும் மறைக்கிறார். இவரைப் போய் ஜெயிக்கவா நான் அதைச் செய்தேன்?

"நேத்து சாயங்காலமே எழுபத்தாறு," என்றேன். "வாந்தியும் எடுத்தார். நீங்க எழுதினது என் விரல்."

பத்து பேரும் என்னைப் பார்த்தார்கள். யாரும் அய்யோ பாவம் சொல்லவில்லை. கைடு திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தன் ஆளை மற்றவர்களோடு அனுப்பிவிட்டு, பையிலிருந்த ஆக்ஸிஜன் சிலிண்டரைத் திறந்து என் வீட்டுக்காரர் முகத்தில் மாஸ்க்கை மாட்டி, அவர் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு இறங்க ஆரம்பித்தார். ஒல்லி மனிதர், இவரோ எண்பத்தைந்து கிலோ. பின்னால் எங்கள் இரண்டு பேர் பையையும் தூக்கிக்கொண்டு நான். நான்கு நாளில் ஏறியதை ஏழு மணி நேரத்தில் இறங்கினோம். ஜெபமாலை சொல்லப் பார்த்தேன், பாதியில் மறந்து மறந்து போனது. செத்துப்போய்விடாதே என்று மட்டும் சொல்லிக்கொண்டே வந்தேன், வாய்விட்டு, மரியாதையெல்லாம் இல்லாமல்.

கிராமத்துக்கு வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. ஹெல்த் சென்டரில் ஊசி போட்டுப் படுக்க வைத்தார்கள். அப்புறம் கைடு என்னிடம் வந்தார். என் கையுறையைத் தானே உருவினார், அட்டையில் இருந்த போட்டோவைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், பிறகுதான் கிளிப்பை மாட்டினார். நம்பர் வரும்வரை மணிக்கட்டை விடவில்லை. வெட்கத்தில் எனக்குக் காதெல்லாம் எரிந்தது. நானும் கையை இழுக்கவில்லை. தொண்ணூற்றைந்து. எழுதிக்கொண்டு ஜீப்புக்குச் சொல்லப் போனார்.

என் வீட்டுக்காரர் கண் திறந்திருந்தார். டீ கேட்டார். கொடுத்தேன்.

"உன்னுது எவ்ளோ?" என்றார்.

"தொண்ணூத்தஞ்சு."

"என்னுது?"

"எண்பத்து மூணு. இப்பதான் நர்ஸம்மா பாத்தாங்க."

அவர் கம்பளிக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்து, விரலைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இது என் விரல்லதானே எடுத்தாங்க?" என்று கேட்டார்.