அலமாரிக் கல்லின் கீழே ஒரு பில்டர்

எங்கள் வீட்டில் காலைக் காபி போடுவது என் கணவரின் வேலை. கல்யாணமான முதல் வாரத்திலேயே அப்படி அமைந்துவிட்டது. அவர் திருத்தணியிலிருந்து திருப்பதிக்குப் போகும் தனியார் பஸ்ஸில் டிரைவர். முதல் டிரிப் ஐந்தரைக்கு. நான் கண் விழிக்கும்போது டபராவில் எனக்கான காபி மூடி வைத்திருக்கும், அவர் போயிருப்பார். பள்ளிப்பட்டு ரோட்டில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் நான் டீச்சர். ஆறே முக்கால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அந்தக் காபியைச் சுட வைத்துக் குடித்துவிட்டுத்தான் என் நாள் தொடங்கும்.

அவர் எனக்கு அத்தை மகன். சிறு வயதிலிருந்தே பாவா என்று கூப்பிட்டுப் பழக்கம். கல்யாணத்துக்குப் பிறகும் அதுவே நிலைத்தது. வாங்க, போங்க என்றுதான் பேசுவேன். எங்களுக்கு ஒரே மகள்.

எண்பதுகளின் நடுவில் ஒரு ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள், காவடிக் கூட்டத்தால் நிரம்பி வழிந்த பஸ்ஸை ஓட்டிக்கொண்டு அவர் திருப்பதியிலிருந்து வந்துகொண்டிருந்தார். நகரிக்குப் பக்கத்தில் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த வலது கை திடீரென்று யாருடைய கையோ போல நழுவி மடியில் விழுந்தது. இடது கையாலேயே வண்டியை ஓரம் கட்டி, ஒரு புளிய மரத்தடியில் நிறுத்தியிருக்கிறார். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. "எறங்குங்கண்ணேன்னு சொன்னேன், எறங்க முடியலம்மா அவரால," என்று கண்டக்டர் என்னிடம் வந்து அழுதார்.

இரண்டு மாதம் சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தோம். வீட்டுக்கு வந்தபோது வலது காலை இழுத்து இழுத்து, கம்பை ஊன்றி நடந்தார். பேச்சு தெளிந்துவிட்டது. வலது கை மட்டும் திரும்பி வரவில்லை. தோளிலிருந்து தொங்கியது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு காபியை நான் போட்டேன். அவர் பாதி குடித்துவிட்டு மீதியை வைத்துவிடுவார்.

"நல்லா இல்லிங்களா பாவா?"

"நல்லாத்தான் கீது."

எனக்குப் பக்குவம் வரவில்லை என்று நினைத்தேன். தூளை மாற்றினேன். கடைத்தெருவில் வறுத்து அரைக்கிறவரிடம் சொல்லி சிக்கரியைக் குறைத்தேன். பாதி டம்ளர் மீந்துகொண்டேதான் இருந்தது.

எங்கள் சமையலறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நடுவில் நின்று இரண்டு கையையும் விரித்தால் இரண்டு சுவரும் தட்டும். ஒரே ஒரு மேடை. அதில் காஸ் அடுப்பும் தண்ணீர்க் குடமும் போக ஒரு தட்டு வைக்கத்தான் இடம். மேடைக்கு மேலே சுவரில் பதித்த கடப்பாக் கல் ஒன்று, அதுதான் அலமாரி. ஒருவர் நின்றால் இன்னொருவர் வாசற்படியில்தான் நிற்க வேண்டும்.

ஒரு நாள் காலை நான் குளித்துவிட்டு வரும்போது அவர் அந்தச் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தார். பித்தளைப் பில்டரை இரண்டு தொடைகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, இடது கையால் மேல் பாத்திரத்தைத் திருகி இழுத்துக்கொண்டிருந்தார். நான் பார்க்கும்போதே அது படக்கென்று கழன்றது. கொதிக்கக் கொதிக்க டிகாஷன் அவர் தொடையில் கொட்டியது. நான் ஓடிப்போய்ப் பில்டரைப் பிடுங்கினேன்.

"சும்மா ஒரு எடத்துல ஒக்காருன்னா ஒக்கார மாட்டியா? உன்னால ஆவாதுன்னு தெரியுது இல்ல?"

வாசற்படியில் மகள் நின்றிருந்தாள். பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். "அம்மா, நைனாவ அப்படிச் சொல்லாத," என்றாள். அப்போதுதான் நான் அவரை ஒருமையில் பேசியது எனக்கே உறைத்தது. வாழ்க்கையில் முதல் முறை. அவர் வேட்டி நனைந்து தொடை சிவந்துகொண்டிருந்தது, முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை.

நாலு நாள் அவர் பேசவில்லை. கோபித்துக்கொண்டு பேசாமல் இருப்பது வேறு. இது அப்படி இல்லை. சாப்பிடுங்கள் என்றால் சாப்பிட்டார், மாத்திரை கொடுத்தால் விழுங்கினார். சமையலறைப் பக்கம் திரும்பவில்லை. புண்ணுக்கு மருந்து போடும்போது மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைப்பேன். வாய் வராது.

அந்த வாரம் சென்னையிலிருந்து என் தம்பி வந்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இதுக்கு இன்னாத்துக்குக்கா இவ்ளோ கஷ்டம்? பட்டனத் தட்டினா காபி போடற மிஷின் வந்துகீது. நான் கூட்டிகினு போறேன்," என்றான். அவர் வர மாட்டார் என்றுதான் நினைத்தேன். சட்டையை எடுத்துத் தா என்று கேட்டார்.

சென்னையில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் வெளிநாட்டுச் சாமான் விற்கும் கடை ஒன்றுக்குத் தம்பி எங்களை அழைத்துப் போனான். கடைக்காரர் இரண்டு மூன்று மிஷின்களைக் காட்டினார். ஒன்று மேடையில் பாதியை அடைக்கும் அளவு இருந்தது. ஒன்றின் கண்ணாடிக் கூஜாவைப் பார்த்ததுமே எனக்குப் பயமாகிவிட்டது. கடைசியாக வெள்ளை நிறத்தில், ரேடியோ மாதிரி ஒன்றை எடுத்து வைத்தார்.

"இது அமெரிக்கா மாடல் சார். அலமாரிக்கு அடியில ஸ்குரூ பண்ணித் தொங்க விட்டுடலாம். மேடையில எடமே அடைக்காது."

தண்ணீர் ஊற்றும் பெட்டி அதில் இழுப்பறை மாதிரி வெளியே வந்தது. அவர் கம்பைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு இடது கையால் அதை இழுத்தார், தள்ளினார். மறுபடி இழுத்தார், தள்ளினார். ஒரு கையாலேயே முழுதாகச் செய்யக்கூடிய ஒரு வேலையை நாலு மாதத்தில் அப்போதுதான் அவர் பார்க்கிறார். அவர் முகத்தைப் பார்த்ததும், என்ன ஆனாலும் இதை வாங்கிவிடுவது என்று நான் முடிவு செய்துவிட்டேன்.

"எத்தினி வோல்ட்டுங்க?" என்று கேட்டார் அவர்.

"நூத்திப் பத்து சார். ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர் வெச்சிக்கணும்."

"தூள் எதுல போடறது?"

"இதுக்குன்னு பேப்பர் வருது சார். ஒரு தடவைக்கு ஒண்ணு."

"தீந்துபோச்சின்னா?"

"இங்க வந்தா குடுக்கறேன்."

அவர் தண்ணீர்ப் பெட்டியை மெதுவாக உள்ளே தள்ளி மூடினார். "வேணாங்க," என்றார்.

நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். தெருவே கேட்கும்படி நான் கெஞ்சியது தம்பிக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. அவர் கம்பை வாங்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார். எல்லாம் முடிந்தது, இனி இவர் எதையும் கேட்க மாட்டார் என்று எனக்குத் தோன்றியது.

அரக்கோணம் தாண்டி ரயில் போய்க்கொண்டிருக்கும்போது அவராகவே பேசினார்.

"நம்ம தெருவுல பவர்லூம் தறி ஓடினா கரண்டு கொறஞ்சி பல்பே செவப்பாத்தான் எரியுது. அந்த மிஷின் நம்ம வீட்ல ஓடாது. ஆனா கீழ தொங்க வுடறான் பாரு, அது நல்ல யோசன."

"தொங்க விட்டா இன்னாங்க ஆவும்?"

"பில்டருக்கு ரெண்டு கை எதுக்கு? ஒண்ணு புடிக்க, ஒண்ணு திருப்ப. புடிக்கற வேலய அலமாரி பாத்துகிச்சின்னா, திருப்ப எனக்கு ஒரு கை கீது இல்ல?"

நான் அப்போது சொன்னேன். "அன்னிக்கு நான் பேசினது தப்புங்க பாவா."

அவர் ஜன்னலுக்கு வெளியே கரும்புக் கொல்லைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீ சொன்னதுல கோவம் இல்ல. அது நெஜமாயிடுமோன்னுதான் பயந்துகினு இருந்தேன்," என்றார்.

மறுநாளே பஸ் கம்பெனி ஷெட்டில் பிட்டராக இருந்தவரை வரவழைத்தார். இருவரும் பல வருடப் பழக்கம். இவர் இடது கையால் சாக்குக்கட்டியைப் பிடித்துத் தரையில் கோணல் மாணலாக வரைந்து காட்டினார். பிட்டர் குந்தியபடி பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வாடக வூட்டுக் கல்லுல ஓட்ட போட்டா ஓனரு சும்மா வுடுவாரா டிரைவரண்ணே?"

"ஓட்ட வேணாம். கல்லு ஓரத்தக் கவ்விப் புடிக்கற மாதிரி ரெண்டு கிளாம்ப் போடு. கீழ ஒரு வளையம். வளையம் வெளிய வரணும், உள்ள போவணும்."

"கதவாட்டமா?"

"ஆங், கதவாட்டம்."

பிட்டர் பழைய பஸ் கதவின் கீலையே கொண்டுவந்து பொருத்தினார். அதில் ஓர் இரும்பு வளையம், வளையத்தில் பில்டர். பாத்திரக்காரரிடம் கொடுத்துக் கீழ்ப் பாத்திரத்தில் ஒரு சின்னப் பித்தளைக் குழாய் பற்றவைத்திருந்தார்கள். அந்தக் குழாய் வளையத்தில் இருந்த பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் மேல் பாத்திரத்தைத் திருகும்போது கீழ்ப் பாத்திரம் கூடவே சுற்றாது. வளையத்தை வெளியே இழுத்துத் தூளும் வெந்நீரும் போட்டு, மூடி, அலமாரிக்கு அடியில் தள்ளிவிடலாம். இறங்கிய பிறகு டபராவைக் கீழே வைத்துக் குழாயைத் திருப்பினால் போதும்.

முதல் நாள் குழாய் ஒழுகியது. இரண்டாவது நாள் பில்டர் உயரமாக இருந்தது. வெந்நீரைத் தூக்கி ஊற்றும்போது அவர் தோள் நடுங்கியது. பிட்டர் வந்து நாலு விரற்கடை இறக்கி வைத்தார். மூன்றாவது நாள் காலை அவர் என்னைப் பார்த்து, "நீ முன்ரூம்ல ஒக்காரு," என்றார்.

உட்கார்ந்தேன். காஸ் லைட்டரின் சத்தம் ஐந்தாறு தடவை கேட்டது. ஒரு ஸ்பூன் விழுந்தது. பிறகு ஏதோ பாத்திரம் உருண்டது. எழுந்துவிட்டேன். மகள் என் புடவைத் தலைப்பைப் பிடித்து உட்கார வைத்தாள். ஆறே முக்கால் பஸ் போன சத்தம் தெருமுனையில் கேட்டது. நான் அசையவில்லை. கீல் கிறீச்சென்றது. வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கம்பு இல்லாமல், சுவரில் தோளைச் சாய்த்துச் சாய்த்து, கையில் டம்ளரோடு அவர் வந்தார்.

காபி ஆறியிருந்தது. தண்ணீராக இருந்தது. சர்க்கரை கரையவே இல்லை. நான் குடித்து முடிக்கும் வரை அவர் நின்றுகொண்டே இருந்தார்.

"எப்டி கீது?"

"சுமார்தாங்க," என்றேன். பொய் சொல்ல மனம் வரவில்லை. அவர் சிரித்தார். "நாளிக்கு பாப்போம்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்த் தன் டம்ளரை எடுத்து முழுவதும் குடித்தார்.

அதற்குப் பிறகு எல்லாம் சுகமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அந்த வளையம் என் நெற்றியில் இடிக்காத வாரம் இல்லை. அதற்குக் கீழே இட்லிப் பானை வைக்க முடியாது. டிகாஷன் சொட்டிச் சொட்டி எறும்பு சாரை பிடித்து வரும். அவர் சிந்தியதைத் துடைக்கப் போய்ச் சண்டை வந்த நாட்களும் உண்டு. எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது உதவிக்குப் போகாமல் இருப்பதுதான். வகுப்பில் நாற்பது பிள்ளைகளின் கையைப் பிடித்து எழுத வைக்கிறவள் நான். வீட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்காரப் பழகுவதற்கு எனக்கு ஒரு வருடம் ஆனது.

காபி போட அவருக்கு ஆகும் நேரம் குறைந்துகொண்டே வந்தது. தைப்பொங்கல் வரும்போது அரை மணியில் மூன்று பேருக்கும் காபி தயாராகிவிடும். அதே தைரியத்தில் இடது கையால் எழுதிப் பழகினார். அடுத்த வருடம் பஸ் கம்பெனி முதலாளி கூப்பிட்டு, பஸ் ஸ்டாண்டில் வண்டி வந்து போகும் நேரத்தைக் குறிக்கிற வேலையைக் கொடுத்தார். அந்த நோட்டில் எழுத்துகள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியது போல் பெரிது பெரிதாக இருக்கும். யாரும் சிரித்ததாக எனக்குத் தெரியாது.

நாலு வருடம் அப்படி ஓடியது. ஒரு பங்குனி மாதப் பகலில், பஸ் ஸ்டாண்டிலேயே, உட்கார்ந்த நாற்காலியில் சாய்ந்தார். இந்த முறை ஆஸ்பத்திரி வரை போக வேண்டியிருக்கவில்லை. அன்று காலைக் காபியும் அவர் போட்டதுதான். அவசரத்தில் நான் அதன் ருசியைக் கவனிக்கவில்லை. எத்தனை யோசித்தாலும் அது எப்படி இருந்தது என்று நினைவுக்கு வரவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் ஊருக்குப் போனார்கள். அத்தனை நாளும் யார் யாரோ அடுப்பில் டிகாஷன் கொதிக்க வைத்து வடிகட்டிக் கொடுத்தார்கள். வளையத்தை ஒருவரும் தொடவில்லை. மறுநாள் காலை, கல்லூரியில் சேர்ந்திருந்த என் மகள் போய் அதை வெளியே இழுத்தாள். நான் முன்ரூமில் இருந்தேன். கீலின் சத்தத்தைக் கேட்டதும் எழுந்து போனேன்.

அவள் அப்பாவைவிட உயரம். பில்டருக்குள் பார்ப்பதற்கு நன்றாகக் குனிய வேண்டியிருந்தது.

"கிளாம்ப லூஸ் பண்ணி மேல ஏத்திடட்டுமாம்மா?"

"இருக்கட்டும்."

அவள் தூளைப் போட்டாள். நான் அடுப்பைப் பற்ற வைத்தேன். அந்தச் சின்ன இடத்தில் இருவரும் இடித்துக்கொண்டே நின்று வெந்நீர் கொதிக்கும் வரை காத்திருந்தோம்.