இறந்த முடிச்சும் உயிர் முடிச்சும்

சிங்கப்பூரிலிருந்து இரவு ரயிலில் கிளம்பி, தம்பினில் இறங்கி, கிளைப்பாதை வண்டியில் மேலும் இருபது மைல் சொச்சம் வந்து, காலை ஒன்பது மணிக்கு மலாக்கா நிலையத்தில் இறங்கினேன். பொங்கலுக்கு முதல் நாள். இந்த ஊர் சர்வே ஆபீஸில் இளம் வயதில் வேலை பார்த்தவன் நான். என்னோடு வேலை பார்த்த அருணாசலம் போன ஆண்டு இறந்துவிட்டார். அவர் மனைவி தெய்வானை அக்காவிடம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அதற்காகவே வந்தேன்.

அக்கா குடியிருக்கும் காஜா பேராங் கிராமத்துக்கு என்றதும் ரிக்‌ஷாக்காரச் சீனர் சிரித்துக்கொண்டே மலாயில் கேட்டார். "செட்டிக் கம்பத்துக்கா? நாளைக்குப் பண்டிகை. வெறுங்கையோடு போனால் சோறு போடுவார்களா, கிழவரே?"

அவர் சொன்னதும் சரிதான். ஜாலான் துக்காங் எமாஸ் கடைத்தெருவில் நிறுத்தச் சொன்னேன். பிள்ளையார் கோயிலுக்குப் பக்கத்தில் வெற்றிலையும் ஊதுவத்தியும் வாங்கினேன். பள்ளிவாசல் தாண்டி அந்தத் துணிக்கடை இன்னும் இருந்தது. நானும் அருணாசலமும் கனத்த கித்தான் துணி வாங்கிய கடை. அன்று துணியை அளந்துகொண்டே கடைக்கார ராவுத்தர், "தூளிக்கா? இவ்வளவு நீளமா? பிறக்கும்போதே மீசையோடு பிறந்த பிள்ளையோ?" என்று கேட்டார். அருணாசலம் தன் மீசையைத் தடவிக் காட்டினார். கடையே சிரித்தது.

காட்டில் கூடாரம் போட்டுத் தங்கும் வேலை எங்களுக்கு. தரை எப்போதும் ஈரம். அட்டை ஏறும். மரத்துக்கு மரம் கட்டிப் படுக்கும் தூளிப் படுக்கை ஒன்று வேண்டும் என்று காகிதத்தில் வரைந்தது நான். அருணாசலத்தின் உயரத்துக்கு மேல் இரண்டு முழம் நீளம். சற்றுச் சாய்ந்து படுத்தால் முதுகு வளையாது என்பதால் அகலத்தையும் தாராளமாக வைத்தேன். இரண்டு முனைகளையும் நான்கு விரல் அகலம் மடித்துத் தைத்து, உள்ளே கயிறு நுழைத்து இழுத்தால், சுருக்குப்பை வாய் போலத் துணி குவியும். கைமெஷினில் தைத்தது தெய்வானை அக்கா. கித்தானின் கனத்தில் ஊசி இரண்டு முறை உடைந்தது. "உன் காகிதத்தில் ஊசி உடையவில்லையா, தம்பி?" என்றார். ஒரு வரிசைத் தையல் போதும் என்றேன். கேட்காமல் இரண்டு வரிசை ஓட்டினார். முற்றத்தில் இரண்டு மாமரங்களுக்கு இடையே கட்டி, முதலில் அரிசி மூட்டையை வைத்துப் பார்த்தோம், பிறகு அருணாசலத்தை. தையல் அசையவில்லை.

அருணாசலமும் அக்காவும் மலாக்காச் செட்டிகள். இவர்கள் இந்துக்கள். தமிழ்ப் பெயர் வைத்திருப்பார்கள். ஆனால் வீட்டில் பேசுவது தமிழ் கலந்த ஒரு மலாய். நானும் அவர்களோடு மலாயில்தான் பேசுவேன். மலாயில் எளிதில் அவிழாத முடிச்சுக்கு 'சிம்புல் மாத்தி' என்று பெயர், அதாவது இறந்த முடிச்சு. இழுத்தால் அவிழும் உருவு முடிச்சு 'சிம்புல் ஹீடுப்', உயிர் முடிச்சு.

லெடாங் மலை அடிவாரத்து முகாமுக்கு மாட்டு வண்டியில் போனோம். மறுநாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் அருணாசலம் ஆற்றோரம் தூளியைக் கட்டினார். "இரண்டு பக்கமும் மாத்தி போட்டுவிட்டேன். ஆனை படுத்தாலும் தாங்கும்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

நான் விளக்கை அணை என்று சொல்லாத வீட்டில் வளர்ந்தவன். அமர்த்து என்றுதான் சொல்வோம். புறப்படும்போது போகிறேன் என்று சொன்னதில்லை. தூங்கப் போகிறவன் தலைக்கு மேல் சாவின் பெயர் கொண்ட முடிச்சா என்று எனக்கு மனசு கேட்கவில்லை. தலைமாட்டு முடிச்சை அவிழ்த்து உயிர் முடிச்சாகப் போட்டேன். கயிறு பருமன், தாங்கிவிடும் என்று நினைத்தேன். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் கேலி செய்வார்.

வந்து படுத்த அருணாசலம் புரண்டபோது முடிச்சு உருவிக்கொண்டது. கீழே பாறை. இடுப்பு எலும்பு முறிந்தது. கிடந்தபடியே அவர் மரத்தை அண்ணாந்து பார்த்தார். அறுந்துபோகாத கயிற்றின் முனை சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

மலாய் மரவெட்டிகள் இரண்டு பேர் அதே தூளியை மூங்கிலில் கோத்து, அவரை அதில் கிடத்தி, சாலைவரை சுமந்தார்கள். அவ்வளவு தூரமும் தையல் தாங்கியது. வண்டியில் ஏற்றும்போது மூங்கில் ஒரு பக்கம் சரிய, ஓரத்தில் ஒரு சாண் பிரிந்தது.

வீட்டில் அக்கா முதலில் பார்த்தது அந்தப் பிரிந்த இடத்தைத்தான். "என் தையல்தானா?" என்றார். அருணாசலம் காய்ச்சலில் பிதற்றிக்கொண்டிருந்தார். தையல் இல்லை என்று நான் சொல்லியிருக்கலாம். தலையைக் குனிந்துகொண்டேன். அது ஆமாம் என்று ஆகிவிட்டது.

அருணாசலம் சங்கிலி பிடித்துக் காடு அளந்தவர். அதன் பிறகு கோலில்லாமல் நடக்கவில்லை. வேலையும் போயிற்று. நான் மாற்றல் கேட்டுச் சிங்கப்பூர் போய்விட்டேன்.

கடைத்தெருவில் நின்றதில், பத்தரை மணிக்குத்தான் காஜா பேராங் வந்து சேர்ந்தேன். நிலையத்திலிருந்து அதிக தூரமில்லை. வாசல்களில் மாவிலை கட்டியிருந்தார்கள். அக்காவின் தலை முழுவதும் வெளுத்திருந்தது. "தம்பியா? சமைத்து முடிக்கும் நேரம் பார்த்து வருகிற பழக்கம் போகவில்லையே!" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சொல்லிவிட்டேன். முடிச்சு, அதன் பெயர், நான் குனிந்த தலை, எல்லாம்.

அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. அவர் அதை இறக்கவில்லை.

"தினமும் அவர் காலுக்கு எண்ணெய் தேய்ப்பேன்," என்றார். "தேய்க்கும்போதெல்லாம் மன்னிப்புக் கேட்பேன். 'உன் தையல் இல்லை, தெய்வானை, தையல் இல்லை' என்பார். எனக்காகப் பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். ஒரு நாள்கூட நம்பவில்லை. மெஷினையும் விற்றுவிட்டேன்."

அன்று அவர்களுக்குப் பார்ச்சு. பொங்கலுக்கு முன் இறந்தவர்களுக்கு வாழையிலையில் சோறு படைக்கும் நாள். மாலை நான்கு மணிக்கு உள்ளறையில் இலைகள் போட்டார்கள். அருணாசலத்துக்குப் பிடித்த மீன் குழம்பு அவர் இலையில் இருந்தது. நான் வாங்கி வந்த ஊதுவத்தியை அக்கா கொளுத்தினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என்னிடம் சொன்னது போதாது. அவரிடம் சொல்லு. தமிழில் வேண்டாம், அவருக்குப் புரியாது."

இலைக்கு முன் மண்டியிட்டேன். அவரை எப்போதும் 'பாங்', அதாவது அண்ணா, என்றுதான் கூப்பிடுவேன். "பாங், அந்த முடிச்சை மாற்றியது நான்தான்" என்று மலாயில் சொன்னேன். அவருக்கு அது அன்றே தெரிந்திருக்கும் என்பது, சொல்லும்போதுதான் எனக்குப் புரிந்தது. தெரிந்தும் என் பெயரை அவர் எடுக்கவில்லை. மனைவியின் தையலை மட்டும் கடைசிவரை காப்பாற்றப் பார்த்தார். அவர் சொன்னதை அக்கா நம்பாமல் போனது என்னால்.

ஐந்தரை மணிக்கு ரிக்‌ஷா வந்தது. இங்கே விருந்தாளியை மறுபடியும் வா என்று சொல்லாமல் அனுப்ப மாட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட எனக்குச் சொன்னார்கள். அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். சொல்லவில்லை. கேட்கவும் எனக்கு உரிமையில்லை.

போய் வருகிறேன் என்பது பழக்கத்தில் வாய்வரை வந்தது. என் ஆயுளில் முதல் முறையாக அதை விழுங்கினேன்.

"போகிறேன், அக்கா" என்றேன்.