பதினொன்றே காலுக்கு மதியச் சாப்பாடு

தலைக்கு மேல் ரோலர் கோஸ்டர் கடக்கும்போது இரும்பு தடதடக்கும். அது போன பிறகு சூடான கிரீஸ் வாசனை மெல்லக் கீழே இறங்கும். வரிசையில் நிற்பவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். அப்பா மட்டும் மணி பார்ப்பார்...

பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். எனக்குப் பதினைந்து வயது, தங்கை யாழினிக்கு ஒன்பது. எங்கள் ஊரான மூவாரிலிருந்து காரில் கிளம்பி, ஜோகூர் பாரு பக்கம் இருந்த தீம் பார்க்குக்கு இரண்டு நாள் பயணம்.

யாழினி ஒரே ஒரு காரியத்துக்காகத்தான் வந்தாள். அந்த ரோலர் கோஸ்டரில் ஏற வேண்டும். அதற்கான உயரத்தை எட்ட ஒரு வருடமாகக் கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டு வந்தாள். உயரம் வந்துவிட்டது. ஆனால் அவள் உயரத்தில் இருப்பவர்களுக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார வேண்டும் என்பது விதி. பதினைந்து வயதைப் பெரியவர் கணக்கில் அவர்கள் சேர்ப்பதில்லை. "அப்பா கூட்டிட்டுப் போறேன்லா, இதெல்லாம் ஒரு பயமா?" என்று அப்பா தெரு முழுக்கக் கேட்கும்படி வாக்குக் கொடுத்திருந்தார்.

அப்பா மரச்சாமான் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். விடுமுறையையும் ஷிஃப்ட் போல அன்றன்று காலையில் ஒரு தாளில் எழுதி, காரின் முன்கண்ணாடி ஓரத்தில் ஒட்டினார். அந்தத் தாளில் விளையாட்டுகளின் பெயரே இல்லை. இருந்ததெல்லாம் சாப்பாட்டு நேரங்கள். வெளிச் சாப்பாடு கொண்டுபோகக் கூடாது, புக்கிங் இல்லாவிட்டால் பட்டினி என்றார்.

அதுவரை எங்கள் குடும்பத்துக்கு மேசை பிடிக்கத் தெரிந்த வழி ஒன்றுதான். மேசையில் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்துவிட்டுச் சாப்பாடு வாங்கப் போவது. இப்போது, சாப்பிட வருகிறோம் என்று முன்கூட்டியே தகவல் கொடுக்கும் குடும்பமாகிவிட்டோம்.

முதல் நாள் ரோலர் கோஸ்டர் வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றோம். எங்களுக்கு முன்னால் இருபது பேர்தான் பாக்கி. "சாப்பாட்டுக்கு நேரமாச்சு, மேச போயிடும்," என்றார் அப்பா. மதியச் சாப்பாடு பதினொன்றரைக்கு. அந்த நேரத்தில் உணவகத்தில் எங்களைத் தவிர, தூங்கும் குழந்தையோடு ஒரு சீனக் குடும்பம் மட்டும் இருந்தது. போய்விடும் என்று அப்பா சொன்ன மேசைகள் நாற்பது காலியாகக் கிடந்தன.

சாயந்தரமும் அதே கதை. இந்த முறை பதினைந்து பேர் பாக்கி. இரவுச் சாப்பாடு ஐந்தரைக்கு. ஆஸ்பத்திரியில்தான் அந்த நேரத்தில் சாப்பாடு கொடுப்பார்கள்.

எனக்கு அம்மாமேல் சந்தேகம் வந்தது. எஸ்கலேட்டரில் மூன்று படிகளைப் போகவிட்டு, நான்காவதில்தான் கால் வைப்பார். மகள் அந்தரத்தில் தலைகீழாகத் தொங்குவதைத் தடுக்க, அப்பாவுக்கு நேரம் சொல்லிக்கொடுத்தது அம்மாவாகத்தான் இருக்கும். கழிவறை வாசலில் மடக்கிக் கேட்டேன்.

"ஆமா, எனக்குப் பயம். போதுமா?" என்றார்.

இவ்வளவு சீக்கிரம் குற்றத்தை ஒப்புக்கொள்பவர்களை நம்பக் கூடாது. சந்தேகம் தீரவில்லை, இடம் மாறிவிட்டது.

மறுநாள் பார்க் திறந்ததும் நேராக உணவகத்துக்குப் போனேன். அன்றைய தாளில் மதியச் சாப்பாடு பதினொன்றே காலுக்கு. அதைத் தள்ளிப்போட முடியுமா என்று கௌண்டரில் இருந்த மலாய் அக்காவிடம் கேட்டேன். அவர் நோட்டைப் புரட்டினார். முதலில் பன்னிரண்டரைக்குத்தான் இருந்ததாம். காலையில் ஓர் ஆண் போன் செய்து முன்னால் இழுத்தாராம். நேற்றைய இரண்டு நேரங்களையும் மாற்றியது அதே குரல்தானாம். உன் அப்பாவுக்கு நல்ல பசி போல, என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை.

வரிசைக்குத் திரும்பினேன். பத்தரைக்கு முப்பது பேர், பத்தே முக்காலுக்கு இருபது. அப்பாவின் நெற்றியில் வேர்வை. வெயில் என்று சொல்லலாம், ஆனால் நின்றது கூரைக்குக் கீழே. பதினொன்று அடித்தபோது எங்களுக்கு முன்னால் எட்டுப் பேர்.

"சரி, போலாம்," என்றார் அப்பா.

யாழினி அழவில்லை. கம்பியைப் பிடித்தபடி தரையைப் பார்த்தாள். இனி கேட்பதில்லை என்று முடிவு செய்துவிட்ட முகம். அது எனக்கு அழுகையைவிட மோசமாகப் பட்டது. உண்மையைப் போட்டு உடைக்க வாயைத் திறந்தேன்.

அம்மா முந்திக்கொண்டார். கைப்பையை அப்பாவிடம் நீட்டினார்.

"நீங்க போயி மேசயப் பாத்துக்கிங்க. நான் இவ கூட ஏறுறேன்."

"நீயா? உனக்குத் தல சுத்தும்லா."

"சுத்தட்டும். மேசைக்கு ஒரு ஆளு போதும்."

அப்பா பையை வாங்கிக்கொண்டார். என் பக்கம் திரும்பிய அம்மா, கண்ணாலேயே என் வாயை மூடினார்.

நான்கு பேர் மேசையில் நானும் அப்பாவும் உட்கார்ந்திருந்தோம். சாப்பாடு வந்தது. இவ்வளவு பாடுபட்டுப் பிடித்த நேரத்தில் அவர் ஒரு வாய்கூட வைக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே தண்டவாளத்தின் உச்சி தெரிந்தது. ஒவ்வொரு முறை வண்டி அங்கிருந்து விழும்போதும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். நான் பார்க்காததுபோல் இருந்தேன். அன்று நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

யாழினி பேசிக்கொண்டே வந்தாள். அம்மா உதடு வெளுத்து, சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்து வந்து உட்கார்ந்தார். அப்பா தன்னுடைய பாலில்லாத தே ஓ கோப்பையை அவர் பக்கம் நகர்த்தி, எப்படி இருந்தது என்று மெதுவாகக் கேட்டார்.

"நீங்க வந்திருந்தா உங்களுக்குப் பிடிச்சிருக்கும்," என்றார் அம்மா.

போன பள்ளி விடுமுறையில் மறுபடியும் போனோம். யாழினி இப்போது தினமும் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறாள். செலவு அவளுடையது. வரிசை எவ்வளவு நீளம் என்று கைப்பேசியே சொல்கிறது. சாப்பாட்டுக்கு யாரும் புக்கிங் போடவில்லை, பசித்தபோது சாப்பிட்டோம்.

அப்பாவுக்கு இரண்டு வருடங்களுக்கு முன் இருதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். அந்த ரோலர் கோஸ்டரின் வாசலில், இருதய நோயாளிகளுக்கு அனுமதியில்லை என்று ஒரு பலகை. அப்பா அதை முதலிலிருந்து கடைசிவரை நின்று படித்தார். இனிமேல் அவர் காரணம் எதுவும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, டாக்டரே எழுதிக் கொடுத்துவிட்டார். ஆனாலும் முகத்தில் நிம்மதி இல்லை.

"ஒடம்பு நல்லா இருந்தப்பவே ஒரு தடவ ஏறியிருக்கலாம்," என்றார் அம்மாவிடம்.

"அப்ப நமக்கு நேரம் எங்கங்க இருந்துச்சு?" என்றார் அம்மா.

அம்மாவின் முகத்தில் கேலி ஏதாவது தெரிகிறதா என்று உற்றுப் பார்த்தேன்... ஒன்றும் தெரியவில்லை.