யாரும் சாகாத ஜப்பானியப் படம்

எங்கள் மருந்துக்கடைக்கு வருகிறவர்களுக்கு மாத்திரையோடு சேர்த்து ஒரு ஜப்பானியப் படத்தையும் சொல்லி அனுப்புவது என் பழக்கம். கேட்டாலும் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன். பேகம்பூரிலிருந்து சர்க்கரை மாத்திரை வாங்க வரும் பாய் ஒருவர் தூக்கமே வரவில்லை என்றபோது அவருக்கும் ஒன்றைச் சொன்னேன். மறுவாரம் வந்து, "என்னம்மா இது, படம் பூரா ஒருத்தன் கத்தியத் தீட்டிக்கிட்டே இருக்கான். சரி, யாரையாச்சும் குத்துவான்னு பாத்தா கடைசில முள்ளங்கிய நறுக்குறான்" என்று சலித்துக்கொண்டார். "தூக்கம் வந்துச்சா பாய்?" என்றேன். "அது வந்துச்சு" என்றார். பிறகென்ன குறை?

மத்தியானம் திண்டுக்கல் வெயிலில் ஒரு ஈ காக்கை கடைக்கு வராது. அந்த நேரத்தில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து போனில் பார்க்க ஆரம்பித்ததுதான். வாள் சுழற்றும் படங்களோ பேய்ப் படங்களோ இல்லை. இப்போது நாலைந்து வருடமாக வருகிற அமைதியான குடும்பப் படங்கள். அவற்றில் யாரும் கத்துவதில்லை. எங்கள் வீட்டில் உப்பு எடுத்து வா என்பதையே தெருமுனை வரை கேட்கிற மாதிரிதான் சொல்வோம். அதில் முதல் தொண்டை என்னுடையது. அதனாலேயே, கோபம் வந்தால் எழுந்து போய்த் துணி மடிக்கிற அந்த மனிதர்களை எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது.

இந்தப் பழக்கம்தான் என் மகளின் கல்யாணத்தையே ஆட்டம் காண வைத்தது.

மகளும் அந்தப் பையனும் கோயம்புத்தூரில் ஒரே கம்பெனியில் வேலை பார்க்கிறவர்கள். அவர்களாகவே பிடித்துப்போய், எங்களிடம் வந்து சொல்லி, கெஞ்சி, அழுது, ஒருவழியாகக் கூடிவந்த சம்பந்தம். பையன் வீடு பழநிப் பக்கம் கீரனூர். தென்னந்தோப்பு, தக்காளி, வெங்காயம். அப்பா இல்லை, பல வருடங்களுக்கு முன்பே போய்விட்டார். அம்மாதான் தோப்பைப் பார்த்துக்கொண்டு அவனைப் படிக்க வைத்தவர். முன்னால் நின்று பேச அவன் சித்தப்பா இருந்தார்.

பூ வைத்து உறுதி செய்ய அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, அவன் சித்தி என் மகளின் தலையில் பூ வைத்தார், சித்தப்பா பேசினார். பையனின் அம்மா உள் அறையில் எல்லோருடைய கைப்பைகளுக்கும் காவலாக உட்கார்ந்திருந்தார். "வெளிய வந்து உக்காருங்க சம்பந்தி" என்று கூப்பிட்டேன். "நீங்க நடத்துங்க, நான் இங்கயே இருக்கறனுங்க" என்றார். கூச்ச சுபாவம் போல என்று நினைத்துக்கொண்டேன். பந்தி முடிந்து கை கழுவுகிற இடத்தில்தான் அவரிடம் நாலு வார்த்தை பேச முடிந்தது. மத்தியானம் ஆனால் வீட்டில் தனியாக இருப்பதாகவும் சீரியல் பார்த்தால் தலைவலிப்பதாகவும் சொன்னார். தலைவலிக்கு மாத்திரையா சொல்லியிருப்பேன்? வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால்தானே நான்! "உங்க பையன் ஊருல இருக்கையிலேயே டிவில போடச் சொல்லுங்க" என்று மறுநாளே ஒரு படத்தை அனுப்பிவைத்தேன்.

நான் அனுப்பியது ஒரு துறைமுக ஊரில் சாப்பாட்டுப் பெட்டி கட்டி விற்கிற ஒரு பெண்ணின் கதை. அதில் முட்டையைச் சுருட்டிச் சுருட்டி அவள் போடுகிற அழகுக்காகவே நான் அதை மூன்று தடவை பார்த்திருக்கிறேன். படம் அவளுடைய புருஷனின் சாவில்தான் தொடங்கும் என்பது எனக்கு ஒரு விஷயமாகவே தோன்றவில்லை. நான் யோசித்ததெல்லாம் முட்டையைப் பற்றி.

ஒரு வீட்டில் பூ வைத்துவிட்டால் தாலி ஏறுகிற வரை அந்த வீட்டார் எழவு வீட்டுப் பக்கம் தலை வைக்க மாட்டார்கள். எங்கள் பக்கம் மட்டுமில்லை, அங்கேயும் அதுதான் வழக்கம். அப்படிப்பட்ட வீட்டில், பட்டப்பகலில், அந்தச் சித்தப்பா உள்ளே நுழைந்திருக்கிறார். கூடத்தில் டிவி முழுக்க ஊதுபத்திப் புகை, மாலை போடாத குறையாக ஒரு ஆள் போட்டோ, சுற்றிலும் கருப்பு உடுப்பில் சனம். அன்றைக்குப் பார்த்து அவர்களுடைய கிணற்று மோட்டாரும் எரிந்து தொலைத்தது.

சாயங்காலம் என் வீட்டுக்காரருக்குப் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார். "ஏனுங்க சம்பந்தி, நல்ல காரியம் பேசுன ஊட்டுக்கு எழவுப் படமா அனுப்புவாங்க? படத்தப் போட்ட அன்னிக்கே மோட்டாரு போச்சுங்க. இது நல்லதுக்கில்லீங்க. ஊட்ல கலந்து பேசிட்டுச் சொல்றனுங்க" என்றார்.

போனை வைத்ததும் இவர் ஆடித் தீர்த்துவிட்டார். "ஏன்டி, ஊருல அம்புட்டுப் படம் கெடக்கு, ஒனக்கு எழவுதான் கெடச்சுச்சா? காமெடிப் படம் ஒண்ணு அனுப்பக் கூடாது?"

"மோட்டார் எரிஞ்சதுக்கும் ஜப்பானுக்கும் என்னங்க சம்பந்தம்? லோ வோல்டேஜ்ல ஓட்டுனா எரியத்தான் செய்யும்!" என்று நானும் கத்தினேன். அடுத்து மகள் கூப்பிட்டாள். அவள் கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "ம்மா, அவங்க சித்தப்பா நாள் குறிக்கிறத நிறுத்தி வச்சிருக்காராம். உன் படத்தால என் கல்யாணம் நின்னுச்சுன்னா நான் உன்கூடப் பேசவே மாட்டேன்" என்றாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "யாருமே சாகாத படமா ஒண்ணு பாத்து அனுப்பி சமாதானம் பண்ணு. முழுசாப் பாத்துட்டு அனுப்பு" என்றாள்.

மறுநாளிலிருந்து கடையில் இதே வேலை. எனக்குப் பிடித்த படங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். அப்பாவின் வீட்டை விற்க வந்த அக்காளும் தங்கையும், விற்க மனமில்லாமல் ஒரு வாரம் அலமாரிகளைத் துடைத்துக்கொண்டே இருப்பார்கள். அருமையான படம், யாருக்கு வேண்டுமானாலும் சொல்வேன். ஆனால் வீட்டை ஏன் விற்கிறார்கள்? அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். ஐம்பது வயதில் சைக்கிள் கற்றுக்கொள்கிற தபால்காரி படம் ஒன்று, சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். அவள் எதற்கு சைக்கிள் கற்கிறாள்? செத்துப்போன தோழியின் சைக்கிளாம் அது. சரி, மனிதர்களே வேண்டாம் என்று நாய்ப் படத்துக்குப் போனேன். கடைசிக் காட்சியில் அந்த நாய் வாசலில் படுத்தது, எழுந்திருக்கவில்லை. மருந்து வாங்க வந்தவர் நான் கண்ணைத் துடைப்பதைப் பார்த்து, "ஏம்மா, வீட்டுல எதுவும் துக்கமா?" என்று பயந்துவிட்டார்.

இத்தனை நாள் நான் கவனிக்கவே இல்லை. குழம்பில் கறிவேப்பிலை மாதிரி, இந்தப் படங்களில் எங்கேயாவது ஒரு சாவு கிடக்கிறது. அதை யாரும் மூடி மறைப்பதும் இல்லை. காலையில் செத்தவர் போட்டோவுக்கு முன்னால் ஒரு சின்னக் கிண்ணம் சோறு வைத்து, மணியைத் தட்டிவிட்டு, அவரவர் ஆபீசுக்குக் கிளம்பிவிடுகிறார்கள்.

கடைசியில் கிடைத்தது ஒன்று. மீன் சுட்டு விற்கிறவனும் பக்கத்துச் சலவைக்கடைக்காரியும் போடுகிற சண்டை. இவன் புகை அவள் வெள்ளைத் துணியில் படிகிறது. அவ்வளவுதான் கதை. கடைசியில் அவள் கருப்புத் துணி மட்டும் வெளுக்கிற நாளாகப் பார்த்து அவன் மீன் சுடுகிறான். செத்தது மீன்கள் மட்டும்தான், அதையும் முன்கூட்டியே எழுதித்தான் சம்பந்தி அம்மாவுக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டார் என்று நீலக்குறி காட்டியது. பதில் இல்லை.

அதற்குப் பதிலாகச் சித்தப்பாதான் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் ஒரு எட்டு நேரில் வர வேண்டும், அண்ணி பேச வேண்டும் என்கிறார் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

சிறுமலை வாழைப்பழமும் பூவும் வாங்கிக்கொண்டு கிளம்பினோம். ஒட்டன்சத்திரம் தாண்டியதும் இவர் என் பக்கம் திரும்பினார். "அங்க வந்து நீ எந்தப் படத்தப் பத்தியும் பேசாத. செத்த நேரம் ஊமையா இரு, புண்ணியமாப் போகும்" என்றார். நான் ஏற்கெனவே ஊமையாகத்தான் இருந்தேன். சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் மகள் முகத்தில் எப்படி விழிப்பது என்பது மட்டும்தான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

போய் உட்கார்ந்தோம். காபி வந்தது. இவர் என் காதோடு, "காப்பி குடுத்துட்டாங்க" என்றார், ஏதோ பாதிக் கண்டம் தாண்டிவிட்ட மாதிரி. சித்தப்பா மேலே விட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சம்பந்தி அம்மா சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"நீங்க அனுப்புனீங்களே, மொதப் படம். அதை நான் இன்னொருக்காவும் பாத்தனுங்க. கீழ ஓடுற எழுத்தெல்லாம் படிக்கல. படிக்காமயே புரிஞ்சுதுங்க" என்றார்.

"மன்னிச்சுக்கங்க சம்பந்தி, நான் அந்த முட்டைக்காகத்தான்..." என்று ஆரம்பித்தேன். இவர் என் காலை மிதித்தார்.

"முட்டை கெடக்குதுங்க. கடைசியில அவ மகன் கல்யாணம் வருதல்லங்க? அவ புருசன் போட்டோவ நெஞ்சோட அணைச்சுக்கிட்டு மொத வரிசையில நிக்கறா. கருப்புச் சேலைங்க! கல்யாணத்துக்குக் கருப்பு! அங்கத்த வழக்கம் போல. யாரும் ஒரு வார்த்தை சொல்லலீங்க. பொண்ணு வந்து மொதல்ல அவளுக்குத்தான் குனிஞ்சு வணக்கம் வெக்குது" என்றார். "நான் பெத்த பையனுக்குப் பூ வெச்ச அன்னிக்கு, நான் பைக்குக் காவல் இருந்தனுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று தடவை பார்த்த படம். அந்தக் காட்சி வரும்போதெல்லாம், படம் முடியப்போகிறது என்று எழுந்து கடையைக் கூட்டப் போயிருக்கிறேன்.

"ஊருல என்ன சொல்லுவாங்க அண்ணி?" என்றார் சித்தப்பா, விட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"சொல்றவங்க சொல்லட்டுங்க தம்பி. நிச்சயத்தன்னிக்கு நான்தான் தட்டு மாத்துவேன். அவரு போட்டோவ வெச்சுக்கிட்டு மாத்துவேன்." என் பக்கம் திரும்பினார். "பொண்ணு ஊட்டுக்காரங்க நீங்க. உங்களுக்கு ஒப்புக்கலைன்னா இப்பவே சொல்லிருங்க சம்பந்தி."

ஊருக்கே படம் சொல்கிற நான் இவர் முகத்தைப் பார்த்தேன். ஒரு ஜப்பானியப் படத்தைக்கூட முழுதாகப் பார்த்திராத என் வீட்டுக்காரர்தான் டம்ளரைக் கீழே வைத்தார். "என்ன தங்கச்சி இப்படிக் கேக்குறீக? பெத்தவ நீங்க இருக்கையில வேற யாரு மாத்துவா? கருப்புச் சேலை மட்டும் வேணாம்த்தா, எங்க ஆத்தாளுக்கு மயக்கம் வந்துரும்" என்றார். சித்தப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான் அழுதேன், சத்தமாகவே, எங்கள் வீட்டு வழக்கப்படி.

நிச்சயதார்த்தத்துக்குச் சம்பந்தி அம்மா மாம்பழ நிறத்தில் பட்டுச் சேலை கட்டி வந்தார். இடது கையிடுக்கில் போட்டோ. மண்டபத்தில் நாலு பேர் குசுகுசுத்ததை நானும் பார்த்தேன், அவரும் பார்த்தார். நானும் அவரும் எதிரெதிரே நின்றோம். அவர் தட்டை நீட்டும்போது வெற்றிலை சரிந்தது. நான் அடியில் கைகொடுத்து அவர் விரல்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். மேளம் கெட்டிமேளமாக மாறியபோது அவர் என் காதருகே குனிந்தார்.

"அந்த மீன்காரன் படம் சுமாருங்க. அடுத்து நல்லதா ஒண்ணு அனுப்புங்க. யாரு செத்தாலும் பரவால்லீங்க."