பச்சைச் சால்வை இல்லாத ஞாயிறு

நியோலேவின் அறுபத்திரண்டு வயதில் பாதியைப் பாலாடைக்கட்டி ஆலை தின்றது, மீதியைக் கூடைப்பந்து தின்றது. அவளே அப்படித்தான் சொல்வாள். போன இலையுதிர் காலத்தில் ஆலையிலிருந்து ஓய்வு பெற்றாள். அதற்குப் பிறகுதான் முழங்கால் வலி கொஞ்சம் தணிந்து, மாடிப்படி ஏறும்போது முனகாமல் இருக்கப் பழகினாள்.

வீட்டில் அவளுக்கு ஒரு சக்களத்தி உண்டு: கௌனாஸ் நகரத்துக் கூடைப்பந்து அணி. கணவன் ஸெனோனஸ் அந்தப் பச்சைச் சட்டைக்காரர்களுக்காகக் கல்யாண நாளை மறந்திருக்கிறான். மகன் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் வானொலியைக் காதோடு ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறான். அவனை மட்டும் திட்டி என்ன புண்ணியம்? நாடே அப்படித்தான். மாஸ்கோவின் ஆட்சியில் சொந்தக் கொடியைத் தூக்கினால் சிறை என்றிருந்த காலத்தில், அந்த மாஸ்கோவின் ராணுவ அணியையே மண்ணைக் கவ்வ வைத்தவர்கள் அவர்கள். அன்றைக்குப் பிடித்த பித்து இன்னும் இறங்கவில்லை.

நியோலேவும் லேசுப்பட்டவள் இல்லை. கௌனாஸில் படித்த நாளில் அப்படி ஓர் ஆட்டத்துக்கு முண்டியடித்து உள்ளே போனாள். மாஸ்கோக்காரன் எறிந்த பந்தைப் பச்சைச் சட்டைக்காரன் ஒருவன் எட்டித் தட்டிவிட்டபோது துள்ளி எழுந்தாள். இறங்கிய குதிகால் பக்கத்திலிருந்தவனின் கால் கட்டைவிரலை நசுக்கியது. அந்த நகம் கறுத்துப்போய், பிறகு நேராக முளைக்கவே இல்லை. நகத்துக்குச் சொந்தக்காரனைத்தான் அவள் கட்டிக்கொண்டாள்.

மகன் எவல்தஸ் பத்துப் பன்னிரண்டு வருடமாக ஊர் அணியில் ஆடுகிறான். பச்சைச் சட்டை போடும் அளவுக்கு உயரமும் வரவில்லை, அதிர்ஷ்டமும் வரவில்லை. கௌனாஸ் அணி ஊருக்கு வரும் ஞாயிறுதான் கொடுமை. வருடம் முழுக்க ஊர் அணிக்குக் கை தட்டுகிறவர்களே அன்று பச்சைச் சால்வையைச் சுற்றிக்கொண்டு வருவார்கள். சொந்த ஊர் அரங்கில், சொந்த ஊர்க்காரர்கள் முன்னால், எவல்தஸ் அந்நியனாக ஆடுவான்.

இந்த வசந்தத்தோடு அவன் ஆட்டத்தை நிறுத்துகிறான். முழங்கால் போய்விட்டது, அது அம்மா வழிச் சொத்து. கடைசி ஆட்டம் கௌனாஸோடு, ஞாயிறு மதியம். முந்தின நாள் வீட்டுக்கு வந்தவன் அப்பாவைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்துச் சொன்னான்.

"ஊரு எப்படி வேணா கத்தட்டும்மா. நாளைக்கு ஒரு நாள் நம்ம வீடு என் பக்கம் இருக்கணும். அவ்வளவுதான் கேக்குறேன்."

"இருப்போம்டா. உங்கப்பன நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொள்ளவும் செய்தாள். காலையில் பச்சைச் சால்வையை அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

"குளிருதே, நியோலே," என்றான் ஸெனோனஸ்.

"குளிரட்டும். வாயைத் திறந்தே, ராத்திரி பட்டினிதான். கையைத் தொடைக்கு அடியில வச்சுக்க."

"நான் என்ன பள்ளிக்கூடத்துப் பையனா?"

"அவனுக்கிருக்கிற அறிவு இருந்தா நான் ஏன் சொல்றேன்?"

அரங்கில் எங்கு பார்த்தாலும் பச்சை. பின்வரிசையில் ஆலைத் தோழி ரசா பூண்டு தேய்த்த வறுத்த ரொட்டியை நீட்டியபடி கேட்டாள்: "என்ன ஸெனோனஸ், துக்க வீட்டுக்கா வந்திருக்கீங்க? சால்வை எங்கே?" ஸெனோனஸ் ரொட்டியை மட்டும் வாங்கிக்கொண்டான்.

வழக்கமாக முப்பது புள்ளி வித்தியாசத்தில் தோற்பார்கள். அன்று என்னவோ, கௌனாஸ்காரர்களுக்குக் கால் சோர்ந்திருந்தது. கடைசி நிமிடத்தில் ஊர் அணி ஒரே புள்ளிதான் பின்தங்கியிருந்தது. பந்து எவல்தஸ் கையில். ஒருவனை ஏமாற்றினான், இன்னொருவனைத் தாண்டினான், கெட்டுப்போன காலோடு கூடையை நோக்கி எழும்பினான். அப்போது எங்கிருந்தோ ஒரு நீண்ட பச்சைக் கை வந்து பந்தைத் தட்டி, பார்வையாளர்களுக்கு நடுவே எறிந்தது.

அரங்கமே எழுந்தது. எல்லோருக்கும் முன்னால் எழுந்தவள் நியோலே. தொண்டை கிழியக் கத்தினாள். கத்தி முடித்த பிறகுதான் யாருக்காகக் கத்தினோம் என்று தெரிந்தது. பக்கத்தில் ஸெனோனஸ் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்தபடியே, வலியில் முகம் சுளித்து உட்கார்ந்திருந்தான். அவள் குதிகால் அவன் காலின் மேல் இருந்தது. கீழே, தரையில் விழுந்து கிடந்த எவல்தஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த ஒரே புள்ளியில் தோற்று அவன் வீட்டுக்கு வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. முழங்காலில் பனிக்கட்டிப் பையைக் கட்டிக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்தான். இறைச்சி வைத்த உருளைக்கிழங்குக் கொழுக்கட்டைமேல் புளித்த பாலேடு ஊற்றி, தட்டை முன்னால் வைத்தாள். செத்துவிடலாம் போல வெட்கமாக இருந்தது.

"எவல்தஸ், நான் வேணும்னு..."

"தெரியும்மா."

"உங்கப்பனப் புடிச்சு வச்சேன். என்னைப் புடிச்சு வைக்க ஆளில்லாமப் போச்சுடா."

"என் காலைக் கேளு, அது சாட்சி சொல்லும்," என்றான் ஸெனோனஸ்.

எவல்தஸ் கொழுக்கட்டையை முள்கரண்டியால் பிட்டான். "ஊரே எந்திரிக்கும்மா, வருஷா வருஷம். அப்பாவும்தான். அப்போல்லாம் நான் உன் இடத்தத்தான் பார்ப்பேன். அத்தனை கூட்டத்துல நீ ஒருத்திதான் உக்காந்திருப்ப. எங்கம்மா மட்டும் என் பக்கம்னு நெனச்சுக்குவேன். அது போதும்னுதான் இத்தனை நாள் ஆடினேன்."

நியோலே வாயைத் திறந்தாள். அந்த ஞாயிறுகளிலெல்லாம் ஆலையில் காலை வேலை முடித்து நேராக அரங்குக்கு வந்தவள் அவள். எழுந்து நிற்கக் காலில் தெம்பில்லாமல்தான் உட்கார்ந்திருந்தாள்.

அதை அவள் சொல்லவில்லை. இன்னொரு கொழுக்கட்டையை எடுத்து அவன் தட்டில் வைத்தாள்.