எரிச்சலுக்கு ஓர் ஆங்கில வார்த்தை

நேற்று கேஸ் சிலிண்டர் வரவில்லை என்று ஏஜென்சிக்கு ஒரு மெயில் எழுதினேன். எழுதி முடித்ததும் செல்போன் கேட்டது: மரியாதையான நடையில் மாற்றித் தரவா, பேச்சு நடையிலா? கன்னம் சுட்டது. இந்த வயதில், யாருமில்லாத சமையலறையில், ஒரு செல்போன் முன்னால் வெட்கப்பட்டு உட்கார்ந்திருந்தேன். ஏனென்று சொல்கிறேன், சிரித்துவிடாதீர்கள். சிரித்தாலும் சரிதான்.

பி.காம். முடித்த கையோடு கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் சேர்ந்தேன். வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்புகிற இடம். மெழுகும் தீக்குச்சி மருந்தும் கலந்த வாடை துப்பட்டாவில் ஏறினால் துவைத்தாலும் போகாது. எட்டயபுரம் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் கேட்காமலே என் வேலையைத் தெரிந்துகொள்வார்கள். முதலாளி அண்ணாச்சிக்கு ஆங்கிலம் வராது. சரக்கு வாங்கும் கம்பெனியில் ஒரு அம்மாள் இருந்தார். அவருக்கு மெயில் எழுதுவது என் பொறுப்பு.

அதற்காகவே சாயங்காலம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் படித்தேன். கீழே டீக்கடை. வடை வேகிற வாசத்தில் பாதி இலக்கணம் காதில் ஏறாது. ஒருநாள் சார் எரிச்சலைச் சொல்லும் விதங்களை நடத்தினார். 'அன்னாய்டு' என்பதை யாரிடமும் சொல்லலாம். 'ஃபெட் அப்' பழகியவர்களிடம். 'பிஸ்டு ஆஃப்' ரொம்ப நெருங்கிய சிநேகிதர்களிடம் மட்டும். கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கோ வடை நினைப்பு.

அந்தச் சமயம்தான் அந்த அம்மாள் மூன்றாம் முறையாக லேபிள் படத்தை மாற்றச் சொன்னார். அச்சடித்த லேபிளெல்லாம் கட்டுக்கட்டாக வீண். அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார்.

"நமக்கு எரிச்சலா இருக்குன்னு எழுதும்மா. அவிய கோச்சுக்கிடாத மாதிரி எழுது."

'அன்னாய்டு' கோர்ட் நோட்டீஸ் மாதிரி விறைப்பாகத் தோன்றியது. கூட வேலை பார்த்த செல்வியிடம் கேட்டேன். "ஏட்டி, அந்தம்மா 'ஹாய் டியர்'னுதான எழுதுதாவ? அப்போ சிநேகிதிதான?" அவளும் யோசித்துவிட்டு ஆமென்றாள். நெருக்கத்துக்குரிய 'பிஸ்டு ஆஃப்'பையே போட்டு அனுப்பினேன். நன்றாக எழுதிவிட்டதாகக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

பதில் அந்த அம்மாளிடமிருந்து வரவில்லை. அவருடைய மேலதிகாரி அண்ணாச்சி பெயருக்கே எழுதியிருந்தார். ஃபோர்மேனும் கணக்குப்பிள்ளையும் நிற்க, என்னையே தமிழில் படித்துச் சொல்லச் சொன்னார் அண்ணாச்சி. அதில் ஒரு சூடான சொல் கிடையாது. உங்கள் அலுவலகத்தின் மொழி எங்களுக்கு வருத்தமளிக்கிறது, அவ்வளவுதான். அதைத் தமிழில் சொல்வதற்குள் இரண்டு தடவை ஆரம்பித்து நிறுத்தினேன்.

"நீ என்னம்மா எழுதுன?"

"எரிச்சலா இருக்குன்னுதான் அண்ணாச்சி."

"அதத்தான நானும் சொன்னேன்?"

கணக்குப்பிள்ளை கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தார். அது கெட்ட வார்த்தை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அண்ணாச்சி காதில் ஏதோ சொன்னார். அண்ணாச்சி என்னைத் திட்டுவார் என்று நின்றேன். அவர் போனை இழுத்து, நம்பரைப் போட்டுத் தரச் சொன்னார். மணி அடிக்கும்போதே நாற்காலியை விட்டு எழுந்தார். மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டார். பிறகு, "சாரி மேடம், சாரி மேடம்" என்றார். வேறு வார்த்தை அவருக்குத் தெரியாது. லேபிளை வீணடித்தது அவர்கள். மன்னிப்புக் கேட்டது நாங்கள். எனக்குச் சுவரோடு ஒட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

போனை வைத்துவிட்டு, "போம்மா, போய்ச் சாப்பிடு" என்றார். நான் சாப்பிடவில்லை.

ஆர்டர் கைநழுவாமல் தப்பியது. ஆனால் அவர்கள் மெயிலில் 'ஹாய் டியர்' போய், 'டியர் சார் ஆர் மேடம்' வந்துவிட்டது. அதன் பிறகும் லேபிளை மாற்றினார்கள். 'நோ ப்ராப்ளம்' என்று எழுதினேன்.

அப்புறம் லைட்டர் வந்தது, ஆர்டர்கள் குறைந்தன, கம்பெனியை மூடினார்கள். அண்ணாச்சியும் காலமாகிவிட்டார். அந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். போன மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். அண்ணாச்சியின் அறை இருந்த மூலையில் வரிசையாகக் கை கழுவும் குழாய்கள். சாப்பிட்ட கையோடு அங்கே சும்மா நின்றேன். பின்னால் ஆள் சேர்ந்துவிட்டது. "கழுவுதீங்களா இல்லையா?" என்று யாரோ கேட்க, நகர்ந்துகொண்டேன்.