பொங்கோலுக்குப் போன மிச்சச் சோறு

போன வாரம் இங்கே சிங்கப்பூரில், ஈசூன் உணவங்காடியில் தோசை சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் திருப்பி வைக்கப் போனேன். மிச்சத்தைக் கொட்டும் தொட்டியிலிருந்து புளித்த சோறும் ஆறிப்போன சூப்பும் கலந்த வாடை வந்தது. பக்கத்திலிருந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் மட்டும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். வயதாகிவிட்டால் யாருக்கு எந்த நாற்றம் பிடிக்கும் என்று சொல்ல முடியாது, பாருங்கள்.

எழுபதுகளின் நடுவில் ஃபேரர் பார்க் பக்கம் ஒரு மிஷன் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். சிற்றுண்டிச்சாலை ஓரத்தில் இரண்டு தகர வாளிகள் இருக்கும். மிச்சமாகும் சோறு, மீ நூடுல்ஸ் எல்லாவற்றையும் அதில்தான் கொட்ட வேண்டும். ஊர்க்கோடியில், பொங்கோலில் பன்றி வளர்த்த ஒரு சீனர் தினமும் சின்ன லாரியில் வந்து எடுத்துப்போவார். பெயர் கேட்டதில்லை. அங்கிள், அவ்வளவுதான். சீனப் புத்தாண்டுக்கு முன்னால் எங்கள் ஆசிரியர்களுக்கு ஒரு கூடை வாத்து முட்டை கொண்டுவருவார்.

எதையும் வீணாக்கக் கூடாது என்பதில் எங்கள் பிலோமினா டீச்சருக்கு அப்படி ஒரு பிடிவாதம். பழைய நோட்டுகளில் எழுதாத தாள்களைக் கிழித்துத் தைத்துப் புது நோட்டு ஆக்குவார். நாங்கள் கை கழுவும் தண்ணீர் செம்பருத்திச் செடிக்குப் போகும்படி வாய்க்கால் வெட்ட வைத்தவரும் அவர்தான். வாளிகளுக்கும் காவல் போட்டிருந்தார், வாரத்துக்கு ஒருவர். சாப்பாடு போகலாம், ரப்பர் பேண்ட், குச்சி, பிளாஸ்டிக் போகக் கூடாது.

என் முறை வந்தபோது எனக்கு வந்த மிடுக்கு இருக்கிறதே! ஆறாம் வகுப்பு அக்காக்களையே அதட்டினேன். மூன்றாம் நாள் தோழிகள் ஐந்து கல் ஆடக் கூப்பிட்டார்கள். போய்விட்டேன். அப்போதெல்லாம் பானங்களைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றிக் கயிறு கட்டித் தருவார்கள். ஆடிவிட்டு வந்து பார்த்தால், வாளிக்குள் ஒரு சிவப்புக் கயிற்று நுனி தெரிந்தது. கையை உள்ளே விட அருவருப்பாக இருந்தது. சட்டை வேறு புதுசு. விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் அங்கிள் வாளிப் பக்கமே போகாமல் நேராக டீச்சரிடம் வந்தார். கையில் கசங்கிய பிளாஸ்டிக் பை, அதில் அந்தச் சிவப்புக் கயிறு. சினையாக இருந்த பன்றி செத்துப்போய்விட்டதாம். வயிற்றைக் கீறிப் பார்த்தால் இது இருந்ததாம். அவர் பேசியது சந்தை மலாய்; எங்களுக்கெல்லாம் அது புரியும். "இனிமே வரமாட்டேன்" என்றார். சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

வாளிகள் நிரம்பி ஈ மொய்த்தது. பிறகு எல்லாம் குப்பைக்குப் போக ஆரம்பித்தது. அதைப் பார்த்துக்கொண்டே மூன்று நாள் தாக்குப்பிடித்தேன்.

"டீச்சர், அது நான்தான். பார்த்தேன், எடுக்கல."

டீச்சர் தைத்துக்கொண்டிருந்த நோட்டைக் கீழே வைத்தார். "என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? அவர்கிட்டதானே சொல்லணும் லா. சனிக்கிழமை போவோம். அம்மாகிட்ட கேட்டுட்டு வா."

பஸ்ஸில் போகும்போது மலாயில் நான்கு வாக்கியம் மனப்பாடம் செய்தேன். பண்ணையில் இறங்கியதும் எல்லாம் மறந்துபோனது. பெரிய குளம் ஒன்று. பன்றிக் கொட்டகை கழுவிய தண்ணீர் அதில் விழுந்தது. குளம் நிறைய மீன், மேலே ஆகாயத்தாமரை. அந்தத் தாமரைத் தண்டை நறுக்கி, வேறு எங்கிருந்தோ கொண்டுவந்த மிச்சச் சோற்றோடு பெரிய வாணலியில் போட்டு அங்கிளின் மனைவி கிண்டிக்கொண்டிருந்தார். அதுதான் பன்றிகளுக்கு. கொட்டகையிலிருந்து குளம், குளத்திலிருந்து வாணலி, வாணலியிலிருந்து மறுபடி கொட்டகை. டீச்சர் வகுப்பில் சொல்லிக்கொண்டே இருந்தது அன்றைக்குத்தான் என் மண்டையில் ஏறியது.

"சாயா சாலா, அங்கிள்." என் தப்பு என்று அழுதேன். மனப்பாடம் செய்த நான்கில் அது ஒன்றுதான் ஞாபகம் வந்தது.

அவர் என்னை ஒரு காலிக் கொட்டடிக்குக் கூட்டிப்போனார். "இங்கதான் இருந்தா. ஆறு வருஷம்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "திங்கக்கிழமை வர்றேன். வாளிய நீயே பாத்துக்கோ."

அந்த வருஷம் முடியும்வரை நானே பார்த்துக்கொண்டேன். முழங்கை வரை விட்டுத் துழாவிவிட்டுத்தான் கொடுப்பேன். பஸ்ஸில் என் பக்கத்தில் யாரும் உட்காராததற்கு அது காரணமாக இருக்கலாம்.

எண்பதுகளில் அரசாங்கம் பன்றிப் பண்ணைகளை ஒவ்வொன்றாக மூடியது. அதற்குள் பிலோமினா டீச்சரும் ஓய்வு பெற்றுவிட்டார். நான் ஆங் மோ கியோவில் ஓர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஒரு நாள் காலை, அங்கே சந்தையில் அங்கிளைப் பார்த்தேன். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை, சொன்னதும் சிரித்தார். ஒன்பதாம் மாடியில் வீடு கிடைத்திருக்கிறதாம். நல்ல காற்று, லிஃப்ட் எல்லாம் இருக்கிறது என்றார்.

"அடுப்படியிலயே குப்பைக் குழாய் இருக்கு. மூடியத் திறந்து போட்டா, விழுற சத்தம் கேக்குது. அப்புறம் ஒண்ணும் இல்ல." கீரைக் கட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "அதெல்லாம் எங்க போகுது?"

அப்போதே பதினைந்து வருஷமாக எங்கள் வீட்டிலும் அதே குழாய்தான். விழும் சத்தத்தைக்கூட நான் கவனித்ததில்லை.